கால்-கை வலிப்பும் அக்குபங்சர் மருத்துவமும்: ஒரு வரலாற்றுப் பார்வை

கால்-கை வலிப்பு என்பது மூளையின் நரம்பணுக்களில் திடீரென மிகையான மின்செயல் தோன்றுவதால் வலிப்பு திரும்பத் திரும்ப வரும் நரம்பியல் நோயாகும். உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேர் இந்நோயுடன் வாழ்வதாக உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது. அவர்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் குறைந்த வருமானமும் நடுத்தர வருமானமும் உள்ள நாடுகளில் இருக்கிறார்கள். நோயைச் சரியாகக் கண்டறிந்து மருந்து கொடுத்தால் 70 விழுக்காடு வரையிலானோர் வலிப்பின்றி வாழ முடியும்.

அக்குபங்சர் என்பது உடலில் குறிப்பிட்ட இடங்களில் மெல்லிய ஊசிகளைச் செலுத்திச் செய்யும் சீன மருத்துவ முறை. வலிப்பு நோயாளிகள் பலர் மாத்திரையுடன் சேர்த்து இதைத் துணை மருத்துவமாக நாடுகின்றனர். சிலர் மாத்திரையை விட்டுவிட்டு இதை நாடுகின்றனர். இந்த இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு உயிரோடு தொடர்புடையது. ஊசி மருத்துவம் வலிப்பு நோயைக் கடந்த இரண்டாயிரம் ஆண்டுகளில் எவ்வாறு அணுகியது, நவீன ஆய்வுகளில் என்ன தெரியவந்தது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

நோய்க்கு வைத்த பெயர்கள்

நினைவிழந்து விழுவதும், கை கால் வெட்டி இழுப்பதும், வாயில் நுரை தள்ளுவதும் பார்ப்பவரை அஞ்ச வைக்கும் காட்சிகள். ஆகவே எல்லா நாட்டினரும் இந்நோய்க்கு அச்சம் கலந்த பெயர்களையே வைத்தார்கள். பழங்கிரேக்கர் இதைத் தெய்வ நோய் என்றனர். அது தெய்வத்தால் வருவதன்று, மூளையிலிருந்து வருவது என்று ஹிப்பாகிரட்டீசின் பெயரால் வழங்கும் நூல் ஒன்று கி.மு. 400ஐ ஒட்டியே வாதிட்டது.

தமிழில் முயலகன் என்பது இந்நோயின் பழைய பெயர். திருப்பாச்சிலாச்சிராமத்தில் கொல்லி மழவனின் மகளைப் பற்றியிருந்த முயலகனைத் திருஞானசம்பந்தர் தீர்த்ததாகப் பெரியபுராண மரபு கூறும். பேச்சு வழக்கில் இது காக்காய் வலிப்பு ஆயிற்று. மலாய் மொழியில் பன்றிப் பைத்தியம் என்று பொருள்படும் பெயர் வழங்கியது. சீன மக்கள் வழக்கில் ஆட்டுப் பைத்தியம் என்று பொருள்படும் பெயர் இன்றும் கேட்கப்படுகிறது. பன்றி, ஆடு என விலங்குகளை இந்நோயோடு சேர்த்துப் பேசும் வழக்கம் ஆசியாவின் சில பகுதிகளில் இருந்ததை இதனால் அறியலாம்.

பழஞ்சீன நூல்களில் வலிப்பு

சீனாவில் சாங்ஷா நகருக்கு அருகே மாவாங்துய் என்னுமிடத்தில் கி.மு. 168இல் மூடப்பட்ட கல்லறை ஒன்று 1973இல் தோண்டப்பட்டது. அதில் பட்டுத்துணியில் எழுதிய மருத்துவச் சுவடிகள் கிடைத்தன. அவற்றுள் 52 நோய்களுக்கான மருத்துவம் கூறும் சுவடியில் குழந்தைகளின் வலிப்புக்கும் ஒரு முறை உள்ளது. மருந்தைப் பொடித்துப் பன்றிக் கொழுப்பில் குழைத்து, நீரில் கலந்து குழந்தையைக் குளிப்பாட்ட வேண்டும் என்பதே அம்முறை. அதில் ஊசி பற்றிய பேச்சே இல்லை.

ஊசி மருத்துவத்தை விரிவாகக் கூறும் முதல் பெருநூல் கி.மு. முதல் நூற்றாண்டை ஒட்டித் தொகுக்கப்பட்ட 'ஹுவாங்டி நெய்ஜிங்' ஆகும். மஞ்சள் பேரரசருக்கும் அவருடைய மருத்துவருக்கும் இடையே நடக்கும் உரையாடலாக அது அமைந்துள்ளது. பிறக்கும்போதே ஒருவருக்கு வலிப்பு இருப்பது எதனால் என்று பேரரசர் கேட்கிறார். கருவுற்றிருந்தபோது தாய் பெரிதும் அஞ்சியதால் என்று மருத்துவர் விடை கூறுகிறார். விடை இன்று ஏற்கத்தக்கதன்று. ஆயினும் நோயின் காரணத்தைப் பேயிடம் தேடாமல் உடலில் தேடியது அக்காலத்திற்குப் பெரிய முன்னேற்றமாகும்.

அந்நூலின் லிங்ஷூ என்னும் பகுதியில் 22ஆம் அதிகாரம் வலிப்பையும் பித்துநிலையையும் சேர்த்துப் பேசுகிறது. இரண்டையும் அக்காலத்தார் தெளிவாகப் பிரித்தறியவில்லை. அதிகாரம் கூறும் மருத்துவத்தில் ஊசி குத்துவதோடு இரத்தம் வெளியேற்றுவதும் உண்டு. வெளியேற்றிய இரத்தத்தைச் சுரைக்குடுவையில் வைத்திருந்தால் நோயாளிக்கு வலிப்பு வரும்போது அந்த இரத்தமும் அசையும் என்றும், அசையாவிட்டால் முதுகெலும்பின் அடியில் சூடிட வேண்டும் என்றும் அது கூறுகிறது.

இத்தகைய நம்பிக்கைகளுக்கு நடுவே அதே அதிகாரத்தில் அருமையான அறிவுரை ஒன்றும் இருக்கிறது. வலிப்பு நோயாளிக்கு மருத்துவம் செய்பவர் அவரோடு கூடவே தங்கி, நோய் வரும் விதத்தைக் கவனித்து, எங்கே மருத்துவம் செய்வது என்று தீர்மானிக்க வேண்டும் என்பதே அது. வலிப்பு எந்த நேரத்தில் வந்தது, எப்படித் தொடங்கியது, எவ்வளவு நேரம் நீடித்தது என்று வீட்டார் குறித்துக்கொண்டு வரவேண்டும் என்று இன்றைய நரம்பியல் மருத்துவர்களும் கேட்கிறார்கள். கைப்பேசியில் படமெடுத்து வரும்படியும் சொல்கிறார்கள். நோயாளியைக் கூர்ந்து கவனிப்பதன் தேவையை அந்தப் பழைய நூல் அன்றே உணர்ந்திருந்தது.

ஆறு விலங்குகளின் வலிப்பு

கி.பி. 610இல் சாவ் யுவான்ஃபாங் தொகுத்த நோய்க் காரண நூல் வயதை வைத்து நோயை இரண்டாகப் பிரித்தது. பத்து வயதுக்குக் கீழ் வந்தால் 'சியென்', அதற்கு மேல் வந்தால் 'தியென்' என்றது. இவ்விரு சொற்களும் சேர்ந்ததே இன்றைய சீன மொழியில் வலிப்பு நோயைக் குறிக்கும் 'தியென்சியென்' என்ற சொல்.

ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த சுன் சிமியாவ் குழந்தைகளின் வலிப்பைக் குதிரை, மாடு, ஆடு, பன்றி, நாய், கோழி என்று ஆறு வீட்டு விலங்குகளின் பெயரால் வகைப்படுத்தினார். வாயைத் திறந்து தலையை ஆட்டிக் கனைப்பது போல் ஒலி எழுப்பினால் குதிரை வலிப்பு. கண்ணை மேலே செருகி நாக்கை நீட்டினால் ஆட்டு வலிப்பு. ஒவ்வொரு வகைக்கும் உடலில் எந்தெந்த இடத்தில் சூடிட வேண்டும் என்றும் எழுதினார். சூடிடுதல் என்பது மாசிபத்திரி இனச் செடியின் உலர்ந்த இலையைப் பஞ்சாக்கி, குறிப்பிட்ட புள்ளியின் மேல் வைத்து எரிப்பது. இதை மாக்சா என்பர். பழைய சீன மருத்துவத்தில் ஊசியும் சூடும் பிரியாத இணை.

காற்று, சளி, மூளை

வலிப்பு ஏன் வருகிறது என்பதற்குச் சீன மருத்துவர்கள் காலந்தோறும் வெவ்வேறு விளக்கம் கூறினர். உடலுக்குள் எழும் காற்று காரணம் என்றது ஒரு கொள்கை. 14ஆம் நூற்றாண்டில் சு சென்ஹெங் சளி அடைத்துக்கொண்டு அறிவின் வாயில்களை மூடுவதே காரணம் என்றார். ஊசி குத்தும் இடங்களும் இக்கொள்கைகளுக்கு ஏற்ப அமைந்தன. உச்சந்தலையில் ஒரு புள்ளி, பிடரியில் காற்றை அடக்கும் புள்ளிகள், முழங்காலுக்குக் கீழே சளியைக் கரைக்கும் புள்ளி என்று பட்டியல் வளர்ந்தது. பகலில் வலிப்பு வந்தால் கணுக்காலின் வெளிப்புறப் புள்ளியிலும், இரவில் வந்தால் உட்புறப் புள்ளியிலும் குத்த வேண்டும் என்ற விதியும் உண்டு.

1830இல் வாங் சிங்ரென் என்ற மருத்துவர் வேறு வழியில் சென்றார். கொள்ளைநோயில் இறந்த குழந்தைகளின் உடல்களையும் தண்டனை பெற்றவர்களின் உடல்களையும் நேரில் பார்த்து, முன்னோர் நூல்களில் உள்ள உடற்கூற்றுப் பிழைகளைத் திருத்த முனைந்தார். நினைவும் அறிவும் இருப்பது நெஞ்சில் அன்று, மூளையில் என்றார். உயிராற்றல் சற்று நேரம் மூளைக்கு ஏறாமல் நின்றுபோவதே வலிப்பு என்றும் எழுதினார். ஹிப்பாகிரட்டீசின் மரபு மூளையைச் சுட்டி இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின், சீன மரபுக்குள்ளிருந்தே ஒருவர் அதே இடத்தைச் சுட்டினார்.

ஊசியின் சரிவும் மீட்சியும்

ஊசி மருத்துவம் சீனாவில் எப்போதும் தடையின்றி வளர்ந்தது என்று பலர் நினைக்கின்றனர். அது சரியன்று. 1822இல் பேரரசர் தாவ்குவாங், ஊசியும் சூடும் பேரரசரின் உடலுக்கு ஏற்றவை அல்ல என்று கூறி, அரண்மனை மருத்துவக் கழகத்திலிருந்து அத்துறையை நீக்கினார். கிராமங்களில் அது தொடர்ந்தது, ஆனால் மதிப்பை இழந்தது. 1929இல் பழைய மருத்துவத்தையே ஒழிக்க வேண்டும் என்ற தீர்மானம் அரசின் முன் வந்தது. மருத்துவர்கள் ஷாங்காயில் திரண்டு எதிர்த்ததால் அது நிறைவேறவில்லை.

1949க்குப் பின் சீன அரசின் போக்கு மாறியது. கோடிக்கணக்கான மக்களுக்கு மேலை மருத்துவர்கள் போதவில்லை. ஊசிக்குச் செலவு குறைவு, கற்றுக்கொடுப்பதும் எளிது. 1955இல் பெய்ஜிங்கில் சீன மரபு மருத்துவத்திற்கான கழகம் நிறுவப்பட்டது. 1960களின் இறுதியில் கிராமந்தோறும் சென்ற 'வெறுங்கால் மருத்துவர்கள்' பையில் மாத்திரைகளோடு ஊசிகளையும் வைத்திருந்தனர். இக்காலத்தில் வலிப்புக்கும் புதிய முறைகள் தோன்றின. ஷான்சி மாநிலத்தைச் சேர்ந்த ஜியாவ் ஷுன்ஃபா 1970ஐ ஒட்டி, மூளைப் பகுதிகளின் வரைபடத்தை அடிப்படையாகக் கொண்டு தலைத்தோலில் ஊசி குத்தும் முறையை உருவாக்கினார். அறுவைச் சிகிச்சையில் தையலுக்குப் பயன்படும், தானே கரையும் நூலைப் புள்ளிகளில் புதைத்து வைக்கும் முறையும் வழக்கத்திற்கு வந்தது.

1971இல் அமெரிக்க இதழாளர் ஜேம்ஸ் ரெஸ்டன் பெய்ஜிங்கில் குடல்வால் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். அதன்பின் ஏற்பட்ட வயிற்று வேதனைக்குத் தமக்கு ஊசி குத்தப்பட்டதை அவர் தம் நாளேட்டில் எழுத, மேலைநாடுகளில் அக்குபங்சர் பெரும் ஆர்வத்தைத் தூண்டியது. இந்தியாவிற்கோ அது முன்பே வந்துவிட்டது. 1938இல் சீனாவுக்குச் சென்ற இந்திய மருத்துவக் குழுவில் கோட்னிசுடன் பணியாற்றிய டாக்டர் பி. கே. பாசு, பின்னர் சீனாவில் இம்முறையைக் கற்று 1959இல் கொல்கத்தாவில் தொடங்கினார்.

மாத்திரையின் வரலாறு

இதே காலத்தில் மேலை மருத்துவத்தில் மற்றொரு வரலாறு நடந்துகொண்டிருந்தது. 1857இல் லண்டனில் சார்லஸ் லோகாக் புரோமைடு உப்பு வலிப்பைக் குறைப்பதாகக் கூறினார். 1912இல் ஜெர்மனியில் ஆல்பிரட் ஹாப்ட்மன், தூக்க மருந்தாகக் கொடுத்த பீனோபார்பிட்டால் நோயாளிகளின் வலிப்பைக் குறைப்பதைக் கண்டார். 1929இல் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்த செய்தியை வெளியிட்டார். 1938இல் மெரிட், பட்னம் இருவரும் பெனிட்டாயின் மருந்தின் பயனை வெளிப்படுத்தினர்.

இம்மருந்துகளுக்குப் பக்கவிளைவுகள் உண்டு. சோர்வு, ஈறு வீக்கம், மறதி போன்றவற்றால் நோயாளிகள் துன்பப்படுகின்றனர். ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மருந்தால் வலிப்பு முழுமையாகக் கட்டுப்படுவதில்லை. நோயாளிகள் துணை மருத்துவத்தை நாடுவதற்கு இதுவே முதன்மைக் காரணம். அவர்களை அறியாமையால் செல்பவர்கள் என்று தள்ளிவிடுவது முறையாகாது.

ஊசி சோதிக்கப்பட்டது

ஒரு மருத்துவம் பலன் தருகிறதா என்று வலிப்பு நோயில் அறிவது கடினம். வலிப்பு ஒரே சீராக வருவதில்லை. சில மாதம் அடுத்தடுத்து வரும், சில மாதம் வராமலே இருக்கும். நோய் மிகுந்திருக்கும்போதுதான் குடும்பத்தார் புதிய மருத்துவத்தைத் தேடிச் செல்கின்றனர். அதன்பின் வலிப்பு இயல்பாகவே குறைந்தாலும் புதிய மருத்துவமே குறைத்தது என்று தோன்றும். எனவே ஒரு குழுவுக்கு முறையான ஊசியும், மற்றொரு குழுவுக்குப் பொய் ஊசியும் கொடுத்து ஒப்பிட வேண்டும். பொய் ஊசி என்பது மரபுப் புள்ளி அல்லாத இடத்தில் குத்துவது.

நார்வேயில் இவ்வாறு ஓர் ஆய்வு நடத்தப்பட்டு 1999இல் வெளிவந்தது. மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்புள்ள 34 பேர் அதில் சேர்ந்தனர். இரு குழுவினருக்கும் வலிப்பு ஓரளவு குறைந்தது. ஆனால் முறையான ஊசிக்கும் பொய் ஊசிக்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. வாழ்க்கைத் தரத்தை அளந்து பார்த்தபோதும் முறையான ஊசியால் தனிப் பயன் தெரியவில்லை. பொய் ஊசி பெற்றவர்களிலும் வலிப்பு குறைந்தது என்பதே இந்த ஆய்வின் முக்கியமான பாடம். ஒப்பிட மற்றொரு குழு இல்லாதிருந்தால், முறையான ஊசி பலன் தந்தது என்றே முடிவு கட்டியிருப்பார்கள்.

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு இப்பொருள் பற்றிய ஆய்வுகளை ஆராய்ந்து 2014இல் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டது. 17 ஆய்வுகள், 1,538 நோயாளிகள் அதில் இடம்பெற்றனர். ஆய்வுகளில் பெரும்பாலானவை சீனாவில் நடந்தவை. அவை சிறியவை, ஒன்றுக்கொன்று முறையில் மாறுபட்டவை, ஒருபக்கச் சாய்வுக்கு இடமளிப்பவை என்று கண்டறியப்பட்டது. வால்புரோயேட் மருந்தைவிட ஊசி மேலானது என்று காட்டிய முடிவுகள்கூட, இடையில் விலகிய நோயாளிகளைக் கணக்கில் சேர்த்துக் கடுமையாகப் பார்த்தபோது நிலைக்கவில்லை. வலிப்பு நோய்க்கு அக்குபங்சரைப் பரிந்துரைக்க இப்போதுள்ள சான்று போதாது என்பதே முடிவு. ஊசியால் பயனே இல்லை என்று நிறுவப்பட்டதாக இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. பயன் உண்டு என்பது நிறுவப்படவில்லை என்பதே பொருள்.

காதும் வேகஸ் நரம்பும்

ஊசிக்கு அருகில் வரும் நவீன மருத்துவம் ஒன்றும் உண்டு. கழுத்தில் செல்லும் வேகஸ் நரம்பை மின்துடிப்பால் தூண்டும் சிறு கருவியை மார்புத் தோலுக்கடியில் பொருத்தும் முறை 1988இல் முதன்முதலாக ஒரு வலிப்பு நோயாளிக்குச் செய்யப்பட்டது. 1997இல் அமெரிக்க அரசு அதற்கு ஒப்புதல் அளித்தது. வேகஸ் நரம்பின் ஒரு கிளை காதுமடலுக்கும் வருகிறது. பிரெஞ்சு மருத்துவர் பால் நோழியே 1950களில் காதில் ஊசி குத்தும் முறையை வகுத்திருந்தார். ஆகவே காதுமடலின் வழியே வேகஸ் நரம்பைத் தூண்டி வலிப்பைக் குறைக்கலாமா என்ற ஆய்வுகள் நடக்கின்றன. அங்கே கேள்வி தெளிவாக உள்ளது. எந்த நரம்பு, எவ்வளவு மின்னோட்டம், எத்தனை நாள் என்பவற்றை அளந்து பார்க்க முடிகிறது.

ஊசி பிறந்த நாட்டில் மாத்திரை செய்த பணி

சீனாவில் ஊசி மருத்துவர்களுக்குக் குறைவில்லை. ஆயினும் 2000ஆம் ஆண்டை ஒட்டி அந்நாட்டுக் கிராமங்களில் நடந்த கணக்கெடுப்பில், வலிப்பு நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் முறையான மருந்து எடுக்காமல் இருந்தது தெரியவந்தது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் துணையோடு ஊரக மருத்துவர்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. ஆறு மாநிலங்களில் 2,455 நோயாளிகளுக்கு மலிவான பீனோபார்பிட்டால் மாத்திரை கொடுக்கப்பட்டது. ஓராண்டு மருந்தைத் தொடர்ந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு வலிப்பு பாதியோ அதற்கு மேலோ குறைந்தது. மூன்றில் ஒரு பங்கினருக்கு வலிப்பு முற்றிலும் நின்றது. ஊசி பிறந்த மண்ணில் கிராமத்து நோயாளிகளுக்குக் கைகொடுத்தது 1912இல் கண்டறிந்த பழைய மாத்திரைதான்.

துணை மருத்துவம் என்றால் என்ன?

துணை என்பது உடன் வருவது. ஒன்றை நீக்கிவிட்டு அதன் இடத்தில் வைப்பது மாற்று மருத்துவம் ஆகும். வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால், ஒரு வலிப்பு முடியுமுன் அடுத்தது தொடரும் இடைவிடா வலிப்பு வரக்கூடும். அது உயிரைப் பறிக்கவல்லது. தூய ஊசியைப் பயன்படுத்தும் பயிற்சி பெற்றவரிடம் அக்குபங்சர் செய்துகொள்வதில் ஆபத்து பெரும்பாலும் குறைவே. ஆனால் வலிப்பு வரும்போது உடலில் ஊசி இருந்தால் அது ஆழமாக இறங்கவோ முறியவோ கூடும் என்பதால், நோயைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஊசி குத்திக்கொள்ளும் செய்தியை மாத்திரை தரும் மருத்துவருக்கும் தெரிவிக்க வேண்டும்.

முதலுதவியிலும் இரு நாட்டு வழக்கங்கள் ஒத்திருக்கின்றன. சீனாவில் வலிப்பு வந்தவரின் மூக்குக்கும் மேலுதட்டுக்கும் இடையிலுள்ள புள்ளியை நகத்தால் அழுத்துவார்கள். தமிழகத்தில் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பார்கள். பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தாமாகவே நின்றுவிடும். அழுத்தியவரும் சாவி கொடுத்தவரும் தம்மால் நின்றது என்று நம்புவார்கள். செய்ய வேண்டியவை எளியவை: அருகில் உள்ள கூர்மையான பொருள்களை அகற்ற வேண்டும், நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, கை கால்களை அழுத்திப் பிடிக்கக் கூடாது. ஐந்து நிமிடங்களுக்கு மேல் நீடித்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

முடிவுரை

நோயை மறைப்பதே பல குடும்பங்களில் முறையான மருத்துவத்திற்குத் தடையாக இருக்கிறது. இந்தியாவில் வலிப்பு நோயைக் காரணம் காட்டித் திருமணத்தை எதிர்க்கச் சட்டத்தில் இருந்த வழி 1999இல் நீக்கப்பட்டது. ஹாங்காங்கில் 2010இல் நோயின் பெயரிலிருந்து பித்து என்று பொருள்படும் எழுத்தை நீக்கி, மூளை என்று பொருள்படும் எழுத்தைச் சேர்த்தார்கள். கொரியாவிலும் இவ்வாறே பெயர் மாற்றப்பட்டது. ஆட்டையும் பன்றியையும் விட்டு நோயின் பெயர் மூளைக்கு வந்து சேர இரண்டாயிரம் ஆண்டுகள் ஆயின.

அக்குபங்சர் மருத்துவத்தை 2010இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. அந்த மதிப்பு அதற்கு உரியதே. ஆனால் மரபுச் செல்வம் என்னும் மதிப்பு வேறு, ஒரு நோய்க்கு மருந்து என்னும் சான்று வேறு. நோயாளியோடு கூடவே இருந்து கவனி என்று லிங்ஷூ சொன்ன அறிவுரையைக் குடும்பத்தார் ஏற்கலாம். ஊசி வேண்டுமென்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் செய்துகொள்ளலாம். மாத்திரையை மட்டும் மருத்துவர் சொல்லாமல் ஒரு வேளையும் நிறுத்தக் கூடாது.